வைக்கோல் ஆளும் வரி போடும் மிஷினும்

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு மிஷின் சுவர் எழுப்பியது. அந்தச் சுவர் ஒரே காலையில் இரண்டு தரம் இடிபடப் பார்த்தது. இரண்டு தரத்துக்கும் காரணம் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. சுவருக்கு நல்லது செய்யப் போய்த்தான் அப்படி ஆயிற்று. நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை அன்றையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன், என்னையும் சேர்த்து.

நான் ஐந்தாவது வரை படித்தவள். முதலில் நடவு, களையெடுப்பு. அப்புறம் நெல் வயல் எல்லாம் மனைக்கட்டாக மாறியபோது நானும் வயலிலிருந்து அப்படியே மனைக்கட்டுக்கு மாறிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மேஸ்திரியிடம் சித்தாள். இப்போது கலவைச் சட்டி தூக்கக் கழுத்து ஒத்துழைப்பதில்லை. அதனால் சுவருக்குத் தண்ணீர் விடுகிற வேலை. எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டு, அங்கே கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். தண்ணீர் விடுகிற வேலைக்குப் பேச்சு தேவையில்லை. சுவர் எதுவும் கேட்காது.

அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனையின் நாலு மூலையிலும் இரும்புக் கம்பம். கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு கை. கையிலிருந்து ஒரு மூக்கு தொங்கும். தூரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து தடித்த குழாய் வழியாகக் கலவை வந்து அந்த மூக்கு வழியாக இறங்கும். நாலு விரல் அகலம், ரெண்டு விரல் உயரம், முறுக்குப் பிழிகிற மாதிரி. வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு வரி. அதற்கு மேலே அடுத்த வரி. செங்கல் கிடையாது, கயிறு பிடித்துப் பார்க்கிற வேலை கிடையாது.

கலவைத் தொட்டிக்குள் ஒரு கம்பி நின்றுகொண்டிருக்கும். வெயில் ஏறிக் கலவை சூடானால் அந்தக் கம்பிக்குத் தெரிந்துவிடும். உடனே இன்ஜினியர் பாப்பாவின் போனுக்குச் செய்தி போகும்: இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதே செய்தி வேறு ஊரில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கும் போகும். நானும் இருபது வருஷம் கலவை கலந்தவள்தான். தண்ணீர் போதுமா என்று கலவையை யாரும் கேட்டதில்லை. மேஸ்திரியைத்தான் கேட்போம். அவரும் சொன்னதில்லை, திட்டினால் போதவில்லை என்று அர்த்தம்.

நாலு கம்பத்திலும் காமிரா. வீட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றுக்குள்ளே யாராவது கால் வைத்தால் மிஷின் நின்றுவிடும். பாப்பாவின் போன் டிங்கென்று அடிக்கும். ‘ஆள் உள்ளே: ஒன்று’ என்று தமிழிலேயே எழுத்து வரும். நான் குழாயோடு உள்ளே போகும்போதெல்லாம் அவ்வளவு பெரிய மிஷின் எனக்காக நின்றது. எனக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கம்பத்தைத் தாண்டுவேன்.

பாப்பா கவனித்துவிட்டாள். இருபத்தைந்து வயசுதான் இருக்கும், கடலூர்ப் பக்கத்துப் பெண். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் ஆண்பிள்ளை பூட்ஸ்.

“அம்மா, அது உங்க மூஞ்சியப் பாக்கல. ஆள் இருக்காங்களா இல்லியான்னு மட்டுந்தான் பாக்குது.”

“அப்ப நான் யாருன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாது. நீங்களும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளு. அவ்ளோதான்.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து முந்தானையை இடுப்பிலேயே செருகிக்கொண்டேன்.

வீடு கட்டுகிறவர் குருவிநத்தத்து அம்மா. கரும்பு, நெல் என்று பயிர் பார்க்கிற குடும்பம். புது மாதிரி வீடு என்று ஆசைப்பட்டு மிஷினுக்குக் கொடுத்துவிட்டாரே தவிர, பயம் விடவில்லை. முதல் நாளே பாப்பாவிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“இதப் பாரு பாப்பா. எழுப்புன சுவர ஒரு தரம் இடிச்சி மறுபடி எழுப்புற மாதிரி ஆச்சின்னு வெய்யி, அன்னியோட மிஷினக் கழட்டிக்கினு கெளம்பிடணும். மிச்ச வூட்ட மேஸ்திரியே கட்டிடுவாரு.”

பாப்பா சரி என்றாள். அவள் கையில் ஒப்படைத்த முதல் வீடு அது. இடித்தால் வீடு மட்டும் போகாது, இன்னொரு வீட்டை அவளை நம்பி யார் கொடுப்பார்கள்.

அந்த மேஸ்திரிதான் என் மேஸ்திரி. கடைக்காலும் பேஸ்மட்டமும் அவர் போட்டது. சுவர் மிஷினுக்குப் போனதும், எதிர் மனையில் புங்க மரத்தடியில் நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டார். தினம் காலை வந்து உட்கார்வார். சுவர் எப்போது இடியும் என்று பார்க்க வந்தவர் என்று அவரே ஒளிக்காமல் சொல்வார்.

“பாப்பா, உன் மிஷினுக்கு எதுனா குடுத்தியா? காலைலேந்து வெறும் வவுத்துல ஓடுது.”

“அது கரண்ட் குடிச்சிச்சி மேஸ்திரி. நீங்க டீ குடிச்சீங்களா?”

“நான் குடிச்சி இன்னா பண்றது. எனக்குத்தான் வேலயே இல்லியே.”

“பாக்குறீங்கல்ல, அதுவும் வேலதான்.”

சுவர் வளர வளர எனக்கு வேறு கவலை வந்தது. அஞ்சு நாளில் என் கழுத்து உயரம். வில்லியனூர், பாகூர் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி நிறுத்தி ஆள் இறங்குகிறார்கள். போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அப்பா, ஆத்தாடி என்கிறார்கள். ஒரு சுவருக்கு இவ்வளவு கண் பட்டால் அது எப்படி நிற்கும். எங்கள் பக்கம் எந்த வீடு எழும்பினாலும் முன்னால் ஒரு திருஷ்டி பொம்மை நிற்கும். இந்த வீட்டுக்கு இல்லை. மிஷின் கொண்டு வந்தவர்கள் பட்டியலில் அது இல்லை போல. கேட்கலாம் என்றால் எனக்குத்தான் வார்த்தை வராதே.

கேட்காமல் செய்துவிட்டேன். பக்கத்துப் போரிலிருந்து வைக்கோல், மண்வெட்டிப் பிடி ஒன்று, ஓட்டை விழுந்த மண்சட்டி. சட்டியில் சுண்ணாம்பால் கண், கரியால் மீசை. மீசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மாட்டுவதற்கு என் வேலைச் சட்டை. சித்தாள் வேலைக்குப் புடவை மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ஒரே துணியில் தைத்துக்கொண்டு இரண்டையும் போட்டுக் கழித்த நீலக் கட்டம் போட்ட சட்டைகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றைப் பொம்மைக்குக் கொடுத்தேன், ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். தலைக்கு நான் கட்டுகிற மாதிரியே ஒரு சிவப்புத் துண்டு.

காலை பத்து மணிக்கு டீக்காக மிஷினையும் காமிராவையும் நிறுத்துவார்கள். வீட்டுக்காரம்மா ஸ்கூட்டரில் பிளாஸ்க்கோடு வருவார். எல்லார் முகமும் பிளாஸ்க் பக்கம் திரும்பும். அந்த நேரம் பார்த்துச் சாக்கில் சுற்றிய பொம்மையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். முன்னால் வைத்தால் படம் பிடிக்கிறவர்கள் யார் வைத்தது என்று கேட்பார்கள். அதனால் பின் அறை மூலையில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நிறுத்தினேன். மறைவில் வைத்த திருஷ்டி பொம்மை யாருடைய கண்ணைத் தடுக்கும் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

டீ முடிந்தது. மிஷினை விடப் பாப்பா போனில் விரலை வைத்தாள். டிங்.

“யாருப்பா உள்ள? வெளிய வாங்க.”

ஒருத்தரும் வரவில்லை. பாப்பா எண்ணினாள். அவள், வீட்டுக்காரம்மா, கலவைத் தொட்டிக்காரர்கள் இரண்டு பேர், நாற்காலியில் மேஸ்திரி, குழாயோடு நான். எல்லாரும் வெளியே. மறுபடி விரலை வைத்தாள். மறுபடி டிங். ஆள் உள்ளே: ஒன்று.

உள்ளே இருப்பது யார் என்று படம் பார்க்கலாம். ஆனால் அன்று சிக்னல் சரியில்லை. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காமிராவில் தூசி படிந்திருக்கும் என்று பாப்பா நினைத்தாள். தொட்டிக்காரர்களில் ஒருவனை ஏணி வைத்து நாலு கம்பத்திலும் ஏறித் துடைக்கச் சொன்னாள்.

“தொடைக்கிறன்க்கா. ஆனா உள்ள எட்டிப் பாக்க மாட்டன்,” என்றான் அவன்.

“ஏன்?”

மேஸ்திரி நாற்காலியில் இருந்தபடியே பதில் சொன்னார். “பழைய நெல்லு வயக்காடு இது பாப்பா. உச்சி வேளைல வரப்பு மேல முனி நடக்கும்னு சொல்லுவாங்க. வரப்பு எங்க போச்சின்னு தேடிக்கினு வந்திருக்கும்.”

“மணி பத்தேகால்கூட ஆவல மேஸ்திரி.”

“அதுங்கிட்ட ஏது வாட்ச்சி.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

இதில் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. ஒரு வரி போட்ட அரை மணிக்குள் அதன் மேலே அடுத்த வரி ஏற வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் மேலே போடுவது ஒட்டாது. ஆறிப்போன இட்லி மேல் மாவு ஊற்றின மாதிரிதான். அப்புறம் இடிக்க வேண்டியதுதான். டீக்குப் பத்து நிமிஷம் போயிற்று. துடைக்கப் பத்து நிமிஷம் போயிற்று. பாப்பா மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டாள். வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்தார். அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேசாமல் போய்ப் பொம்மையை எடுத்துவிடலாம் என்று கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனேன். டிங். வெளியே தொட்டிக்காரனின் குரல் கேட்டது.

“ரெண்டுன்னு காட்டுது. முனி குட்டி போட்டுட்டுதுடா.”

சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் திறந்துகொண்டது. நான் பொம்மையின் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். அது என் தோளில் முகம் வைத்திருக்கிறது. மேஸ்திரியின் நாற்காலியருகே ஐந்து பேர் ஒரே போனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

“ஏம்மே,” என்று மேஸ்திரி கூப்பிட்டது தெரு வரை கேட்டிருக்கும். “யாருமே அந்த ஆளு? மீசையெல்லாம் வெச்சிக்கினு.”

கதவுக்கு விட்ட இடைவெளியில் பொம்மையோடு வந்து நின்றேன். பாப்பா ஓடி வந்தாள். “அம்மா, நீங்களா? சரி, சரி. அத வெளிய தூக்கிப் போட்டுட்டு வாங்க. ஒம்பது நிமிஷந்தான் இருக்கு.”

“எடுக்காத,” என்றார் வீட்டுக்காரம்மா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“வெக்காம இருந்தா வேற. வெச்ச திருஷ்டி பொம்மைய பாதியில எடுத்தா வூட்டுக்கு ஆவாது. வூடு முடிஞ்சி, புது வூடு புகச்சேதான் எடுக்கணும்.”

“மேடம், அது உள்ள இருந்தா மிஷின் ஓடாது. மிஷின் ஓடலன்னா சுவர் இடிக்கணும்.”

“சுவரும் இடியக் கூடாது. பொம்மையும் எடுக்கக் கூடாது. நீ படிச்ச பொண்ணு, எதுனா பண்ணு.”

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன். கோபித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கோபிக்க நேரமில்லாமல் போனைத் திருப்பினாள். படத்தில் பொம்மையைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போட்டாள். ‘ஆள் இல்லை’ என்ற எழுத்தைத் தொட்டாள். நிச்சயமா என்று மிஷின் கேட்டது. நிச்சயம் என்றாள். பொம்மையை மூலையில் திரும்ப நிறுத்தினேன். நான் வெளியே வந்ததும் போன் பேசாமல் இருந்தது.

ஆபீசிலிருந்து போன் வந்தது. அங்கேயும் எல்லாம் தெரிந்திருந்தது. சுவரின் மேல் வரி காய ஆரம்பித்திருக்கிறது, மிஷினை விடுவதற்கு முன்னால் சிமெண்ட் பால் அடிக்க வேண்டும் என்றார்கள். சிமெண்டைத் தண்ணீரில் பால் மாதிரி கரைத்துப் பழைய வேலையின் மேல் அடித்தால் புதுசு ஒட்டிக்கொள்ளும். அது எல்லாக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தெரிந்த வேலை. மனையில் கலவைத் தொட்டியை விட்டு நகரக் கூடாதவர்கள் இரண்டு பேர், நாற்காலியை விட்டு நகராதவர் ஒருவர். மிச்சம் நான்.

“நீங்க உள்ள இருக்குற வரைக்கும் மிஷின் நிக்கும்மா. வெளிய வந்ததும் தானாக் கெளம்பும். பயப்படாம அடிங்க,” என்று சொல்லிவிட்டுப் பாப்பா தொட்டிப் பக்கம் ஓடினாள்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினேன். வாளியும் வெள்ளையடிக்கிற பிரஷுமாக உள்ளே போனேன். வாசல் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போனேன். பத்தடி போயிருப்பேன். பின்னால் கர்ரென்று சத்தம். திரும்பினால், மூக்கு வருகிறது.

எனக்கு முன்னால் ஈரச் சுவர், பின்னால் முறுக்கு பிழிந்துகொண்டே வரும் மிஷின். நேரமில்லை என்று பாப்பாதான் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். நின்றால் என் கையின் மேல் வரி போட்டுவிட்டுப் போகும். கத்தினால் நிறுத்துவார்கள், நிறுத்தினால் சுவர் போச்சு. சரி என்று நடந்தேன். பிரஷைத் தோய்த்து அடிப்பது, நகர்வது, தோய்த்து அடிப்பது, நகர்வது. நடவு வயலில் பக்கத்து வரிசைக்காரி வேகமாக வந்தால் நமக்கும் கை ஓடும் பாருங்கள், அப்படி. ஆனால் அவள் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை போட நிற்பாள். இது நிற்கவில்லை. மூலை வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது. மூலைதோறும் எனக்கு ஒரு மூச்சு கிடைத்தது. பின் அறையில் பொம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன, ஒரு வேலையும் கிடையாது.

ஒரு சுற்று முடித்துக் கதவு இடைவெளியில் வெளியே வந்து விழுந்தேன். மணல் குவியல் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மிஷின் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. தொட்டிப் பக்கத்திலிருந்து பாப்பா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“சூப்பர்ம்மா. இவ்ளோ சீக்கிரம் அடிச்சிட்டு வெளிய வந்துட்டீங்களே. மிஷினும் ஒடனே கெளம்பிடிச்சி.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் மிஷினை விடவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன் என்று மிஷின் நினைத்துக்கொண்டு தானாகக் கிளம்பியிருக்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை, சிவப்புத் துண்டு. இது ஆள் இல்லை என்று அதற்கு இப்போதுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். இத்தனை நாளில் முதல் தடவை. என் பக்கத்தில் குந்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மே. நீ உள்ள இருக்கச்சேதான அது ஓடிச்சி? சுவருக்கு மேல துண்டு ஓடறதப் பாத்தன்.”

தலையாட்டினேன்.

“உன்ன அது ஆளுன்னே மதிக்கல.”

“ஆமா.”

“நாளைக்கு இதே மாதிரி துண்டு கட்டிக்கினு வேற எவளாச்சும் உள்ள போவா. சொல்லணும் இத.”

“நீயே சொல்லேன் மேஸ்திரி.”

“நான் சொன்னா சுவர் இடியணும்னு சொல்றன்னு நெனப்பாங்க. சொன்னா அந்தப் பொண்ணு மிஷின நிறுத்திடும். நிறுத்தினா எனக்குத்தான் வூடு. அதனால நான் சொல்லக் கூடாது. நீ போ.”

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகத் திட்டாமல் பேசினது அன்றைக்குத்தான்.

எழுந்தேன். தொட்டியருகே நாலு பேர் நின்றார்கள். நடந்து போகிற வழியிலேயே வார்த்தையைக் கோத்து வைத்துக்கொண்டேன். அங்கே போனதும் அது பாதியாகிவிட்டது.

“பாப்பா. மிஷின் என்னிய எண்ணல.”

“என்னம்மா?”

“நான் உள்ள இருக்கச்சேவே ஓடிச்சி. சுத்து பூரா. நான் முன்னாடி, அது பின்னாடி.”

பாப்பாவின் முகத்திலிருந்து நிறம் இறங்கியதைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். மிஷின் வரியின் நடுவில் நின்றது.

“ஏன் நிறுத்துற? இப்பத்தான ஒட்டிச்சி?” என்றார் வீட்டுக்காரம்மா.

“ஆளத் தெரியாத மிஷின ஓட்ட மாட்டன் மேடம்.”

“சுவர் காஞ்சா?”

“இடிச்சிட்டுக் கெளம்புறன்.”

எனக்கு அழுகை வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சுவர் பாட்டுக்கு வளர்ந்திருக்கும்.

பாப்பா ஆபீசோடு பேசினாள். மிஷினுக்குத் திரும்பவும் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் படம் வேண்டும் என்றார்கள். என்னைத்தான். அதே சட்டையில், அதே துண்டில், முன்னால், பின்னால், பக்கவாட்டில், குனிந்து, உட்கார்ந்து, பொம்மையின் பக்கத்தில் நின்று. நாற்பது படமாவது இருந்தால்தான் அது வித்தியாசம் கற்றுக்கொள்ளும். அரை மணிக்குள்.

நான் கல்யாணத்தில்கூடத் தலை குனிந்தே நின்றவள். ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்த அன்று கண்ணை மூடிக்கொண்டேன், அதிலும் அப்படியேதான் இருக்கிறேன்.

“அம்மா, முடியுமா?” என்று பாப்பா கேட்டாள். முடியாது என்று சொல்லலாம் என்கிற மாதிரிதான் கேட்டாள்.

சுவரைப் பார்த்தேன். மேல் வரி பளபளவென்று இருந்தது. இந்த வெயிலுக்கு அந்தப் பளபளப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொட்டிக்காரனிடம் குழாயைக் கொடுத்து, ஊற்றாதே, வரி கரைந்துவிடும், பனி மாதிரி தூவு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பொம்மைக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து பேர் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். தெருவில் படம் பிடிக்க வந்த இரண்டு வண்டிக்காரர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள்.

“நிமிந்து பாருங்கம்மா. அப்படியே திரும்புங்க. குனிங்க. பிரஷ் எடுங்க. கையத் தூக்குங்க.”

“சிரிக்கச் சொல்லாத பாப்பா,” என்றார் மேஸ்திரி. “பல்லப் பாத்து மிஷின் பயந்துக்கப் போவுது.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “உன் பல்லு மட்டும் இன்னா, ரசமட்டம் புடிச்சி வெச்சதா?” என்றேன்.

தொட்டிக்காரன் சிரித்த சிரிப்பில் குழாய் வேறு பக்கம் போய் வீட்டுக்காரம்மா நனைந்தார். பாப்பா சிரித்துக்கொண்டே எடுத்த அந்தப் படத்தில் நான் வாய் திறந்திருக்கிறேன். ரொம்ப நல்ல படம், மிஷினுக்கு இதான் வேணும் என்றாள். பொம்மையைக் கையில் பிடித்தும் எடுத்தாள், தள்ளி நின்றும் எடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் என் மேல் கட்டம் போட்டு ‘ஆள்’ என்று தொட்டாள். பொம்மை மேல் போட்டு ‘ஆள் இல்லை’ என்று தொட்டாள். நாற்பது தரம். அனுப்பினாள். வட்டம் சுற்றியது.

எல்லாரும் அந்த வட்டத்தையே பார்த்தோம். ஆபீசில் இருப்பவர்களும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். மேஸ்திரி மேல் வரியை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இன்னும் இருக்குது. இன்னும் இருக்குது,” என்று அவர் சொல்லச் சொல்ல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “ஓரம் வெளுக்குது பாப்பா,” என்று அவர் சொன்னபோது வட்டம் நின்றது.

“அம்மா, வெளிய வாங்க.” வந்தேன். போன் பேசவில்லை. “உள்ள போங்க.” போனேன். டிங். ஆள் உள்ளே: ஒன்று. “பொம்மை கிட்ட நில்லுங்க.” நின்றேன். ஒன்றுதான். “துண்டக் கழட்டிட்டு நில்லுங்க.” ஒன்று. “குனிஞ்சி மறைஞ்சிக்குங்க.” சுவரோரம் சுருண்டு படுத்தேன். இருந்தும் ஒன்று. அது என்னை விடவில்லை.

வெளியே வந்தேன். பாப்பா சிவப்புப் பொத்தானை விடுவித்தாள். மூக்கு விட்ட இடத்திலிருந்து பிழிய ஆரம்பித்தது. ஒரு சுற்று வந்தது. மேஸ்திரி வரிக்கும் வரிக்கும் நடுவில் கரண்டியின் நுனியை வைத்து நெம்பிப் பார்த்தார். நாலு இடத்தில் பார்த்தார். வீட்டுக்காரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடி என்றால் இடிதான்.

“புடிச்சிக்கிச்சி,” என்றார். கரண்டியைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார்.

மாலையில் மிஷினை நிறுத்திக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா காய்ந்துபோன புடவையோடு மறுபடி வந்தார். சுவரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, மிஷின் தளம் வரைக்கும் இருக்கட்டும், உள்பூச்சு வெளிப்பூச்சு எல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்தார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். ஈரக் கையால் தலையைப் படிய வாரிக்கொண்டு பாப்பாவிடம் வந்தார்.

“பாப்பா, என்னியும் ஒரு நாப்பது எடுத்துக்க.”

“எதுக்கு மேஸ்திரி? உங்க மாதிரி பொம்மை எதுவும் உள்ள இல்லியே.”

“பூச்சு வேலைக்கு நான்தான உள்ள வரணும். இப்பவே தெரிஞ்சி வெச்சிக்கட்டும்.”

பாப்பா போனைத் தூக்கினாள். அவர் கயிற்றைத் தாண்டிப் பின் அறைக்குப் போனார். பொம்மையின் மீசையைப் பார்த்தார். தன் மீசையைத் தடவினார். அப்புறம் நாலடி தள்ளிப் போய் நின்று, “இங்கேந்து எடு,” என்றார்.